வன்னி வைத்தியசாலைகளுக்கிடையே மின் தகவல் பகிர்வு: பல வழிகளில் வரும் அரச நிதியை ஒரே திட்டத்தில் கோர்ப்பது எப்படி?

பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனைக்குப் புதிதாக வந்த உத்தியோகத்தரிடம் ஒரு பைலைக் கொடுத்து, "வைத்தியசாலைகளைக் கணினியால் இணைக்கிற வேலையை நீங்களே பாருங்கோ" என்பார்கள். அவர் அடுத்த நாளே கணினி விலை விசாரிக்கத் தொடங்கிவிடுவார். இந்த வழிகாட்டியில் கணினி எட்டாவது படியில்தான் வருகிறது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் இந்த வேலைக்குப் பணம் வராமல் இல்லை. ஆனால் அது ஒவ்வொரு வழியாக, ஒவ்வொரு நிபந்தனையோடு, ஒவ்வொரு மாதத்தில் வருகிறது. யாரும் கோர்க்காவிட்டால் ஓரிடத்தில் சேர்வர் இருக்கும், இணையம் இருக்காது. இன்னோரிடத்தில் மென்பொருள் இருக்கும், அதை இயக்கத் தெரிந்தவர் இடமாற்றத்தில் போயிருப்பார். கீழே உள்ள வரிசை அதைத் தவிர்ப்பதற்கானது.

தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

ஒன்று, உங்கள் பெயருக்கு ஒரு கடிதம். "இந்த வேலைக்கு ஒருங்கிணைப்பாளர் இவர்" என்று பணிப்பாளர் கைச்சாத்திட்டு, பிரதிகள் எல்லா வைத்தியசாலைகளுக்கும் கணக்குக் கிளைக்கும் போயிருக்கவேண்டும். அது இல்லாமல் போனில் தகவல் கேட்டால், "எழுத்தில் அனுப்புங்கோ" என்ற பதில்தான் கிடைக்கும். அப்படிச் சொல்பவர்கள் மேல் பிழையில்லை, அலுவலக நடைமுறையே அதுதான்.

இரண்டு, இருப்பவற்றின் பட்டியல். மாவட்டப் பொது வைத்தியசாலை முதல் ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு நிலையம் வரை, எங்கே எந்த மென்பொருள் ஓடுகிறது, யார் காசில் வந்தது, உத்தரவாதம் எப்போது முடிகிறது, பழுதானால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதுங்கள். பொருட்பதிவேட்டை மட்டும் நம்பவேண்டாம். பதிவேட்டில் "இயங்கும் நிலை" என்றிருக்கும் கணினி, கொப்பிக் கட்டுகளுக்கு மேசையாக நிற்கக்கூடும். போய்ப் பாருங்கள்.

மூன்று, கடந்த மூன்று வருட மூலதனச் செலவு அறிக்கையும், வைத்தியசாலைகளின் இணையக் கட்டணப் பற்றுச்சீட்டுகளும். இரண்டாவது ஏன் என்பது நான்காம் படியில் விளங்கும்.

1. ஒரே ஒரு தகவலை, ஒரே ஒரு பாதையைத் தெரிவுசெய்யுங்கள்

"எல்லாத் தகவலும் எல்லாருக்கும்" என்று எழுதிய திட்டத்துக்கு யாரும் காசு தரமாட்டார்கள். தந்தாலும் அது முடியாது. எந்தத் தகவல் கிடைக்காததால் நோயாளி இப்போது அலைகிறார் என்று பாருங்கள்.

வன்னியில் இதைத் தேடி நெடுந்தூரம் போகத் தேவையில்லை. மல்லாவியைச் சேர்ந்த ஒருவர் வவுனியா பொது வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்று வீடு திரும்புகிறார். அடுத்த கிளினிக் மல்லாவி ஆதார வைத்தியசாலையில். அவர் கையில் இருப்பது ஒரு டயக்னோசிஸ் கார்ட் (வெளியேறும்போது வாட்டில் எழுதித் தரும் நோய் விபரச் சீட்டு), கிளினிக் கொப்பி, கொப்பியில் ஊசி குத்திய இரத்தப் பரிசோதனைத் துண்டு. மூன்றும் ஒரு பொலித்தீன் பைக்குள். மாரி மழையில் பஸ்ஸேறி வந்தவரின் துண்டில் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியற்றினின் அளவு மை கரைந்து நீலக் கறையாகியிருந்தால், டொக்டருக்கு வேறு வழியில்லை, திரும்பவும் இரத்தம் எடுக்கவேண்டியதுதான். செட்டிகுளம் பக்கத்துச் சிறுநீரக நோயாளருக்கும், தெல்லிப்பழைக்குப் போய்வரும் புற்றுநோயாளருக்கும் கதை இதுவே.

ஆகவே முதல் தெரிவுக்கு நான் சொல்வது, வெளியேறும் நோயாளியின் சுருக்கம். வாட்டில் ஏற்கனவே யாரோ அதை எழுதத்தான் செய்கிறார்கள், புதிதாக ஒரு வேலை சேர்வதில்லை. பெறும் பக்கத்துக்கு உடனே பயன் தெரியும். நிதி கொடுப்பவர் "என்ன மாறும்?" என்று கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்லலாம்.

பாதையைக் குறிக்கும்போது எல்லையைக் கவனியுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் இருப்பது. வன்னியின் ஆதார, பிரதேச வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். பாதை அந்த எல்லையைத் தாண்டினால் அனுமதியும் நிதியும் இரண்டு இடங்களிலிருந்து வரவேண்டும். முதல் வருடம் மாகாணத்துக்குள் முடியும் பாதையை எடுங்கள்.

2. "இவர்தான் அவர்" என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

இரண்டு வைத்தியசாலைகள் தகவல் பரிமாறினாலும், இங்குள்ள சிவலிங்கமும் அங்குள்ள சிவலிங்கமும் ஒரே ஆள்தானா என்று கணினிக்குத் தெரியாவிட்டால் எல்லாம் வீண். ஆங்கிலத்தில் ஓரிடத்தில் "ஜி" எழுத்துடனும் மற்ற இடத்தில் "கே" எழுத்துடனும் அவர் பெயர் ஏறியிருக்கும். தகப்பன் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் மற்ற இடத்தில் முழுதாகவும் இருக்கும்.

சுகாதார அமைச்சின் தனிநபர் சுகாதார இலக்கத்தையே அடிப்படையாக எடுங்கள். வைத்தியசாலைக்கென்று சொந்த இலக்கம் உருவாக்கவேண்டாம். அது அந்த மதிலுக்குள் மட்டும்தான் செல்லும்.

துணைக்கு அடையாள அட்டை இலக்கம் உதவும், ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், புதியதில் பன்னிரண்டு இலக்கம். ஒரே ஆள் இரண்டு வைத்தியசாலைகளில் இரண்டு விதமாகப் பதிந்திருப்பார். மாற்றும் முறை எளிது: பழைய இலக்கத்தின் முன்னால் 19 சேர்க்கவேண்டும், ஐந்தாவது இலக்கத்துக்குப் பின் ஒரு 0 செருகவேண்டும், கடைசி எழுத்தை விட்டுவிடவேண்டும். மென்பொருள் இதைத் தானாகச் செய்யவேண்டும் என்று தேவைப் பட்டியலில் எழுதுங்கள். யுத்தத்தில் ஆவணங்களை இழந்து பின்னர் மீளப் பெற்றவர்கள் இங்கே அதிகம். சிலரின் பிறந்த திகதியே பத்திரத்துக்குப் பத்திரம் மாறும். எனவே பிறந்த திகதியை மட்டும் வைத்து ஆளைப் பொருத்துவதை அனுமதிக்கவேண்டாம்.

பழைய பதிவுகளைச் சுத்தம்செய்ய ஆள் வேண்டும், ஆளுக்குக் கொடுப்பனவு வேண்டும். தொகை சிறியதுதான், ஆனால் எந்தத் திட்ட முன்மொழிவிலும் அதைக் காணமுடிவதில்லை. அதனால்தான் நிதி பற்றிப் பேசுமுன் இந்தப் படி.

3. எந்த வழியில் என்ன காசு வரும் என்று வரைந்துகொள்ளுங்கள்

ஒரு பெரிய தாளில் வழிகளை எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் "எதற்குத் தரும், எதற்குத் தராது, எப்போது தரும்" என்று குறியுங்கள். வன்னியில் பெரும்பாலும் இவைதான்:

மாகாண மூலதன நிதி. நிதி ஆணைக்குழுவின் பரிந்துரையில் மாகாணங்களுக்கு வரும் குறித்தொதுக்கப்பட்ட அபிவிருத்தி நன்கொடை, அலுவலகப் பேச்சில் பி.எஸ்.டி.ஜி. உபகரணம், கட்டடம், வலையமைப்புக் கம்பி போன்றவற்றுக்குச் சரி. மாதாந்தக் கட்டணத்துக்குச் சரிவராது.

மாகாண மீண்டெழும் நிதி. சம்பளத்தோடு மின்சாரம், தொலைபேசி, காகிதாதிகள் எல்லாம் இதிலிருந்துதான். எப்போதும் இறுக்கமாக இருக்கும், ஆனால் திட்டம் உயிரோடிருப்பது இதனால்தான்.

மத்திய சுகாதார அமைச்சு. தேசிய மென்பொருள்கள், வழிகாட்டு நியமங்கள், சிலவேளை உபகரணமும். காசநோய், குடும்பநலம் போன்ற தேசிய நிகழ்ச்சித்திட்டங்கள் தங்கள் தரவுக்கென்று தனி முறைமைகளை வைத்திருக்கின்றன. அவர்கள் அனுப்பும் டப்லெட், கணினிகளையும் பட்டியலில் சேருங்கள்.

வெளிநாட்டுக் கடன், ஐ.நா. முகவர் நிலையங்களின் உதவி. பயிற்சிக்கும் தொழில்நுட்ப ஆலோசனைக்கும் நல்லது. முடிவுத் திகதி உண்டு, அந்தத் திகதிக்குப் பிறகு தொலைபேசியை எடுக்கவும் ஆளிராது.

நாடாளுமன்ற உறுப்பினர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி. சிறிய தொகை, சிறிய பொருட்களுக்கு. இங்கே புதியவர்கள் தடுமாறுவது ஒன்று: வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மட்டும். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்ந்தது. நான்கு மாவட்டங்களுக்கும் ஒரே கடிதத்தை ஒரே ஆட்களுக்கு அனுப்பினால் கிளிநொச்சி விடுபட்டுப்போகும்.

நோயாளர் நலன்புரிச் சங்கம், புலம்பெயர் உறவுகள். இது அரச நிதியல்ல. ஆனால் தவிர்க்க முடியாது, ஏனென்றால் பொருள் வந்து இறங்கிவிடும். வெளிநாட்டு அலுவலகமொன்று கழித்த கணினிகள் பத்து வந்தால் வேண்டாமென்று சொல்ல யாருக்கும் மனம் வராது. மனதை நோகடிக்காமல் ஒரு தாளைக் கொடுங்கள்: எங்களுக்குத் தேவையான தரம் இது, இதற்குக் குறைந்தது வேண்டாம், பொருளுக்குப் பதில் யூ.பி.எஸ். பற்றரி வாங்கித் தந்தால் பெரிய உதவி. பலர் சந்தோசமாகச் சம்மதிப்பார்கள்.

4. மீண்டெழும் செலவை முதலில் எழுதுங்கள்

இந்தப் படியை அவசரப்படுத்தவேண்டாம். நான் பார்த்தவரையில் நின்றுபோன திட்டங்களில் பெரும்பாலானவை பொருள் இல்லாமல் நிற்கவில்லை. பொருள் வந்த இரண்டாம் வருடத்தில் கட்டணம் கட்டமுடியாமல் நின்றவை.

ஐந்து வருடக் கணக்குப் போடுங்கள். இணையக் கட்டணம், டோனர், மென்பொருள் பராமரிப்பு ஒப்பந்தம், மின்னல் அடித்துப் போகும் ரூட்டர், யூ.பி.எஸ். பற்றரி (இரண்டு மூன்று வருடத்தில் மாற்றத்தான் வேண்டும்), ஒவ்வொரு வருட இடமாற்றத்துக்குப் பிறகும் புதியவர்களுக்கான பயிற்சி. பயிற்சியை ஒருதரம் மட்டும் எழுதுபவர்கள் அதிகம். வன்னியில் வெளிமாவட்டத்திலிருந்து வந்து சில வருடம் சேவை செய்துவிட்டுத் திரும்பும் டொக்டர்களும் தாதியரும் கணிசமானவர்கள். பயிற்சி வருடாந்தச் செலவு என்றே எழுதுங்கள்.

இணையப் பற்றுச்சீட்டுகள் இங்கேதான் வேலைக்கு வரும். ஒரு வைத்தியசாலை ஒரே கட்டடத்துக்கு மூன்று இணைப்புக்குக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கும்: ஒன்று நிர்வாகத்துக்கு, ஒன்று பழைய திட்டமொன்று போட்டது, ஒன்று யாரும் பாவிக்காதது. அவற்றை ஒன்றாக்கினால் புதிய செலவின் ஒரு பங்கு அங்கேயே கிடைத்துவிடும். கணக்காளர் உங்களை மதிக்கத் தொடங்குவதும் அப்போதுதான்.

மதிப்பீட்டில் வரியை மறக்கவேண்டாம். 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். 10 இலட்சம் ரூபாப் பொருளுக்கு 11 இலட்சத்து 80 ஆயிரம் வேண்டும். பழைய மதிப்பீட்டைத் திகதி மாற்றி அனுப்புவதும் ஆபத்து. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அதற்கு முன் போட்ட கணினி மதிப்பீடுகள் எல்லாம் வெறும் காகிதமாயின.

கணக்கு முடிந்ததும் கணக்காளரிடம் போய், "இந்த வருடாந்தச் செலவை எங்கள் மீண்டெழும் ஒதுக்கீட்டில் சேர்க்க உடன்பாடு" என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதம் இல்லாமல் மூலதன நிதிக்கு விண்ணப்பிக்கவேண்டாம். பொருளை வாங்கியபின் உடன்பாடு கேட்டால், கணக்காளர் இல்லையென்று சொல்வதற்கு எல்லா நியாயமும் உண்டு.

5. எல்லாரும் ஒரே மேசையில், ஒரே தாளில்

இப்போதுதான் கூட்டம். பணிப்பாளர், கணக்காளர், திட்டமிடல் கிளை, சுகாதாரத் தகவலியல் படித்த மருத்துவ அதிகாரி, இரண்டு வைத்தியசாலைகளின் பொறுப்பதிகாரிகள், மாகாணப் பணிப்பாளர் பணிமனையிலிருந்து ஒருவர். கட்டாயம் வேண்டிய இன்னும் இருவரைத்தான் பொதுவாக மறப்பார்கள்: பதிவேட்டு அறைக்காரர், வாட்டில் டயக்னோசிஸ் கார்ட் எழுதுபவர். தட்டச்சு செய்யப்போவது அவர்கள்தான்.

மேசையில் ஒரே ஒரு அட்டவணை. ஒவ்வொரு வரியிலும் பொருள் அல்லது சேவை, எண்ணிக்கை, யார் காசு, எந்த வோட் (செலவுத் தலைப்பு), எந்த மாதம், யார் பொறுப்பு. விதி ஒன்றுதான்: எந்த வரியிலும் இரண்டு பேர் காசு இருக்கக்கூடாது, எந்த வரியும் வெறுமையாகவும் இருக்கக்கூடாது. இரண்டு பேர் இருந்தால் ஒருவர் மற்றவரைப் பார்த்துக் காத்திருப்பார், டிசம்பரில் இருவர் காசும் திரும்பிவிடும். வெறுமையாய் இருக்கும் வரிதான் திட்டத்தை நிறுத்தும் வரி.

மத்தியும் மாகாணமும் உதவி நிறுவனமும் சேர்ந்து வாங்கவேண்டிய பெரிய பொருளானால் அதைப் பிரியுங்கள். சேர்வர் ஒருவர், வலையமைப்பு இன்னொருவர், பயிற்சி மூன்றாமவர். ஒவ்வொருவரும் தத்தம் கணக்காய்வுக்குத் தனியாகப் பதில் சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும்.

கூட்டக் குறிப்பை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் நிகழ்ச்சிநிரலிலும் போடுவியுங்கள். பிரதேச செயலகங்களும் அரசியல்வாதிகளும் அங்கே இருப்பதால், அதே வேலைக்கு இன்னொருவர் வேறு பொருள் வாங்கும் எண்ணம் இருந்தால் அங்கேயே வெளிவரும். 2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் சபை இல்லாத காலத்தில் மாகாண அனுமதிகள் ஆளுநர், பிரதம செயலாளர் வழியாகவே நகரும். பைல் எந்த மேசையில் நிற்கிறது என்று கேட்க ஆளை முன்கூட்டியே அறிந்துவையுங்கள்.

6. தரவு யாருடையது என்பதை வாங்குமுன் எழுதுங்கள்

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவை விசேட வகையாகக் கருதுகிறது. இரண்டு நிறுவனங்கள் பகிரும்போது யார் எதைப் பார்க்கலாம், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், பார்த்தது எங்கே பதிவாகும் என்று ஒரு பகிர்வு உடன்படிக்கை வேண்டும். நான்கு பக்கம் போதும்.

இதை வெறும் சட்டத் தேவையாக எடுக்கவேண்டாம். உடம்பில் ஷெல் துண்டோடு வாழ்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். எங்கே, எப்போது காயப்பட்டீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்குபவர்களும் இருக்கிறார்கள். மனநல கிளினிக்குக்கு வருபவர் பக்கத்து வீட்டுக்காரர் அதே வைத்தியசாலையில் வேலை என்று பயப்படுவார். முதல் வருடத்தில் மனநலம், பாலியல் நோய், வன்முறைக்குள்ளானோர் பதிவுகளைப் பரிமாற்றத்துக்கு வெளியே வையுங்கள். யார் பதிவைத் திறந்தார் என்ற விபரம் தானாகப் பதியப்படவேண்டும், மாதமொருமுறை யாராவது அதைப் பார்க்கவும் வேண்டும்.

மென்பொருள் ஒப்பந்தத்தில் விடக்கூடாத நிபந்தனைகள்: தரவு முழுவதும் வைத்தியசாலைக்குச் சொந்தம், ஒப்பந்தம் முடிந்தால் திறந்த வடிவத்தில் திருப்பித் தரவேண்டும், பரிமாற்றம் எச்.எல்.7 எஃப்.எச்.ஐ.ஆர். என்ற சர்வதேச சுகாதாரத் தகவல் நியமத்தில், நோய்க் குறியீடு உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.10, தமிழ், சிங்களப் பெயர்கள் யுனிகோட்டில். இவை இல்லாத மென்பொருளை இலவசமாகத் தந்தாலும் எடுக்கவேண்டாம். வெளியே வரும்போதுதான் விலை தெரியும்.

7. நாட்காட்டியை மழையோடு பொருத்துங்கள்

நிதியாண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. செலவழிக்காத ஒதுக்கீடு அன்றோடு முடிந்தது. வன்னியில் மாரி மழை ஒக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை கொட்டும், இடி மின்னல், வெள்ளம், மின்தடை எல்லாம் அந்த மூன்று மாதத்தில். எல்லாரும் கம்பி இழுக்கவும் சேர்வர் பூட்டவும் ஓடித்திரிவதும் அதே மூன்று மாதத்தில்தான்.

ஆகவே பின்னாலிருந்து எண்ணுங்கள். பூட்டி முடிப்பது செப்டெம்பர். பொருள் வருவது ஜூலை, ஓகஸ்ட். விலைமனு திறப்பது மே. தேவைக் குறிப்பு முடிவது மார்ச். அதற்கு முந்திய வருட நடுப்பகுதிக்குள் உங்கள் தேவை மாகாணத் திட்டமிடலுக்குப் போயிருக்கவேண்டும். மேலே சொன்ன ஆறு படிகளும் அதற்கு முன்னர். பணம் கையில் வருவதற்கு ஒரு வருடம் முன்னரே தொடங்கவேண்டிய வேலை இது.

8. இப்போது வாங்குங்கள்

பெறுகை விதிகளை கணக்குக் கிளை உங்களைவிட நன்றாக அறியும், அவர்களிடமே விடுங்கள். உங்கள் வேலை தேவைக் குறிப்பு. வணிகப் பெயர் எழுதவேண்டாம், தரத்தை எழுதுங்கள். நான்கு மாவட்டங்களுக்கும் ஒரே தேவைக் குறிப்பு இருந்தால் உதிரிப்பாகம் மாற்றிக்கொள்ளலாம், பயிற்சியும் ஒன்றாகும். தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவில் பாவிக்கப்போகும் ஒருவர் இருக்கட்டும்.

அனுமதி எல்லைக்குள் கொண்டுவருவதற்காக ஒரே கொள்வனவைத் துண்டு துண்டாக்கும் யோசனையை யாராவது சொல்வார்கள். வேண்டாம். கணக்காய்வு வினா வரும், அதற்குப் பதில் எழுதுவதிலேயே அடுத்த வருடம் போய்விடும்.

9. இரண்டு இடத்தில் மட்டும் ஓட்டிப் பாருங்கள்

அனுப்பும் வைத்தியசாலை ஒன்று, பெறும் வைத்தியசாலை ஒன்று. மூன்று மாதம் கடதாசியும் கூடவே ஓடட்டும். அதற்குமேல் இரட்டை வேலை கொடுத்தால் தாதியர் கணினியைத்தான் கைவிடுவார்கள், கொப்பியை அல்ல.

மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். யாரைக் கூப்பிடுவது, எதில் எழுதிவைப்பது, பிறகு யார் ஏற்றுவது. இணையம் அறுந்தாலும் சுருக்கம் உள்ளே சேமிக்கப்பட்டு, இணைப்பு வந்ததும் தானாகப் போகவேண்டும். பூட்டிய நிறுவனம் நிற்கும்போதே கம்பியைக் கழற்றி அதைச் சோதியுங்கள், கைச்சாத்து அப்புறம்.

10. கணக்கும் அறிக்கையும்

எத்தனை கணினி கொடுத்தோம் என்பதல்ல, பெறும் பக்கத்தில் எத்தனை சுருக்கங்கள் திறந்து பார்க்கப்பட்டன என்பதை எண்ணுங்கள். அனுப்பியவை நூறு, திறந்தவை பத்து என்றால் பிழை மென்பொருளில் இல்லாமலும் இருக்கலாம். கிளினிக் அறையில் கணினி டொக்டரின் மேசையில் இருக்கிறதா, பக்கத்து அறையில் பூட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நிதி தந்த ஒவ்வொருவரும் தத்தம் படிவத்தில் அறிக்கை கேட்பார்கள். ஐந்தாம் படியின் அட்டவணையில் "செலவழித்தது", "மீதி" என்று இரண்டு நிரல்களைச் சேர்த்து மாதாமாதம் நிரப்பிவந்தால் எல்லாப் படிவத்தையும் அதிலிருந்தே எழுதிவிடலாம். செப்டெம்பரில் மீதி நிற்கும் வரிகளைத் தனியாக எடுத்துக் கணக்காளரோடு இருந்து, எதை வேறு தலைப்புக்கு மாற்ற அனுமதி கேட்கலாம் என்று பாருங்கள். நவம்பரில் கேட்டால் அனுமதி வருமுன் வருடம் முடிந்துவிடும்.

நன்கொடையாக வந்த பொருட்களையும் வந்த கிழமையிலேயே பொருட்பதிவேட்டில் ஏற்றுங்கள். ஏற்றாத பொருளுக்குப் பராமரிப்புக் காசு கேட்கமுடியாது, தொலைந்தால் முறைப்பாடும் செய்யமுடியாது. உங்களுக்கே இடமாற்றம் வந்தால், அட்டவணையையும் கணக்காளரின் உடன்பாட்டுக் கடிதத்தையும் பகிர்வு உடன்படிக்கையையும் ஒரே பைலில் போட்டு, அடுத்து வருபவரின் பெயருக்கு முதல் பக்கத்தில் சொன்ன அந்த நியமனக் கடிதம் வந்தபிறகு கையளியுங்கள்.